போர்ட்ஃபோலியோவில் இல்லாத படம்

பெண்கள் தங்களுக்காக எடுத்துக்கொள்ளும் அந்தரங்கப் படங்களை, அதாவது பூடுவார் படங்களை, எடுக்கப் பழகுகிறேன். வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் மாதிரித் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்காக ஒருவரை இலவசமாகப் படம் எடுப்பதாக இந்தக் குழுவில் எழுதியிருந்தேன்.

இன்று மதியம் மும்பை செம்பூரில் என் வீட்டுக்கு வந்தவர், தாராவியில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா. வயது ஐம்பது.

வெறும் சேலையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எடுத்த படத்தைக் காட்டினேன்.

"ஏட்டி, இது நானா?"

கண் கலங்கியிருந்தது.

"நீங்கதான்க்கா. வெளியே போடலாமா?"

"வேண்டாம்ட்டி. ஊரு பாக்கவா வந்தேன்? நான் பாக்கணும்னுதான வந்தேன்."

இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. அவர் போனுக்கு அனுப்பிவிட்டு, கேமராவிலிருந்து அழித்தேன்.

போர்ட்ஃபோலியோ இன்னும் காலி. இன்றைக்கு நான் தொழிலைத் தொடங்கிவிட்டேனா, இல்லையா? யாராவது சொல்லுங்கள்.