தொட்டிக்குள் கிடந்த பூச்சி

சுடலையம்மாள் பெரிய சுத்தக்காரி. எப்போதும்வென்றான் என்ற, குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்தவளுக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ தெரியாது. கோவில்பட்டியில் ஒரு மில், தன் தொழிலாளர் குடியிருப்புக்கு வரிசையாகக் கக்கூஸ் கட்டி, கழிவு போய் விழப் பூமிக்குள் ஒரு செப்டிக் டேங்கும் கட்டியது. கக்கூஸ் கழுவும் வேலை அவளுக்கு. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவள் புருஷன் காசிராஜனுக்கு.

ஓவர்சியர் பரமசிவன் சொன்னதைக் காசிராஜன் ஒருநாள் அவளிடம் ஒப்பித்தான்.

"ஏட்டி, தொட்டிக்குள்ள கோடிப் பூச்சி கிடக்காம். கண்ணுக்கே தெரியாதாம்."

மீதியைச் சொல்லுமுன் மில் சங்கு ஊதிவிட்டது. ஓடிவிட்டான். அவளும் பிறகு கேட்கவில்லை. பருத்தியில் விழுந்தாலும் அரிசியில் விழுந்தாலும், கரிசல்காட்டுக்காரிக்குப் பூச்சி என்றால் ஒரே அர்த்தம்தான். கழுவக் கொடுத்த பினாயிலை நாள் தவறாமல் தொட்டிக்குள் கொட்டினாள். புருஷனுக்கு நோய் நொடி வந்துவிடக் கூடாதே என்ற பாசம்தான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கசடு செரிக்காமல் கட்டிக்கொண்டது. கக்கூஸ்களில் கழிவு எதிர்த்து வழிந்தது. சித்திரை வெயிலில் காசிராஜன் மூடியைத் திறந்து கம்பால் குத்திப் பார்த்தான். அசையவில்லை. உள்ளே இறங்கினான். கால் மடங்கிச் சாய்ந்தவன் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. விஷவாயு.

எழவு வீட்டில் பரமசிவன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பூச்சிதான் கழிவத் தின்னு கரைக்கும். அது எப்படியோ செத்துப்போச்சு. இல்லேன்னா இவன் எதுக்கு இறங்கப்போறான்?"

சுடலையம்மாளுக்கு அழுகை அப்படியே நின்றது. காசிராஜன் சொல்லாமல் விட்ட மீதி அதுதான்.

முனி அடித்துவிட்டது என்றது குடியிருப்பு. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவளும் மூடப் பார்க்கவில்லை. பழி முனியின் தலையோடு போகட்டும் என்று இருந்தாள்.

ஆனால் புருஷனின் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தொட்டியை இறைத்துச் சுத்தம் செய்ததும், பரமசிவன் சொன்னபடி சாணம் கரைத்து ஊற்றினாள். பினாயிலைத் தொடுவதில்லை. தினமும் தொட்டியின் காற்றுக்குழாயில் காது வைத்துக் கேட்டாள். வெகுநாள் ஒன்றுமில்லை. ஒரு உச்சிப்பொழுதில், உள்ளே 'குளுக்' என்றது.

குமிழி விடுகிறது, பூச்சி பிழைத்துவிட்டது என்றார் பரமசிவன். அவளுக்கு அது காசிராஜன் கஞ்சி குடிக்கும் சத்தமாகக் கேட்டது. மறுநாளும் போய்க் கேட்டாள்.

வெயில் காலத்தில் அந்தச் சத்தம் கூடும். மார்கழிக் குளிரில் அடங்கிவிடும். அப்போது அவளுக்குச் சோறு இறங்காது. சத்தம் நின்றால் கசடு ஏறும்; கசடு ஏறினால் இன்னொருத்தியின் புருஷன் இறங்குவான். குடியிருப்புப் பெண்கள் உச்சிவேளையில் அந்தப் பக்கம் நடக்கவே பயந்தார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பல வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், அவளுக்கு ஒத்தாசையாகச் சேக் முகம்மது என்பவனை மில் போட்டது. கயத்தாற்றுக்காரன். வந்த வாரமே அவன் மனைவி ஆயிஷா பீவி, பினாயில் டின்னோடு தொட்டியருகே நின்றாள்.

"உள்ள பூச்சி கிடக்குன்னு அவிய சொன்னாவ, அக்கா. நோய் வந்திரக் கூடாதுல்லா?"

சுடலையம்மாள் ஓடி வந்தாள். டின்னைப் பிடுங்கவில்லை. பீவியின் கையைப் பிடித்து இழுத்துக் குழாயருகே உட்காரவைத்தாள்.

"காத வச்சிக் கேளு."

"யாரோ கஞ்சி குடிக்கிற மாதிரி இருக்கே, அக்கா."

இத்தனை வருஷத்தில் அவள் ஒருவரிடமும் சொல்லாதது வாயில் வந்துவிட்டது.

"நானும் நோய் வந்திரக் கூடாதுன்னுதான் ஊத்துனேன், தாயி. அங்கன இறங்குனது எங்க வீட்டு அவிய."

ஆயிஷா பீவி டின்னின் மூடியைத் தேடினாள். குழாய்க்குள் இன்னொரு மடக்கு இறங்கியது.