சுகமோ என்று கேட்டால்

ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டில் எத்தனை முறை மலேரியா வருகிறது என்று கணக்கிடுவது என் வேலை. அந்தக் கிராமங்களை நான் பார்த்ததில்லை. லண்டனில் ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு, அங்கிருந்து வரும் தகவல்களைச் சரிபார்ப்பேன். நுளம்பு இல்லாத அறைக்குள் இருந்து நுளம்புக் காய்ச்சலை அளக்கிறாய் என்று என்னை நானே கேலி செய்துகொள்வதுண்டு. வேறு யாரும் கேலி செய்யப் பக்கத்தில் இல்லை.

லண்டன் புறநகரான தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் தனியாக இருக்கிறேன். அலுவலகத்தில் பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை. வருகிறவர்களும் "ஓல் ரைட்?" என்று கேட்டபடியே நடந்துவிடுவார்கள், பதிலுக்கு நிற்பதில்லை. ரயிலடிக்குப் பக்கத்துத் தமிழ்க் கடை அண்ணை, "சுகமோ தங்கச்சி?" என்பார். "ஓம் அண்ணை, நல்ல சுகம்." சில நாட்களில் நான் பேசிய தமிழ் அவ்வளவுதான். காய்ச்சலோடு மாத்திரை வாங்கப் போன அன்றும் அதையேதான் சொன்னேன்.

ஞாயிறுகளில் அப்பாவுக்குப் போன் எடுப்பேன். அம்மா இறந்தபின் அவரும் யாழ்ப்பாணத்து வீட்டில் தனியே.

"எப்பிடி அப்பா, சுகமோ?"

"நல்ல சுகம் பிள்ளை. நீ?"

"நானும் நல்ல சுகம்."

பிறகு மழை, சாமான் விலை, அவ்வளவோடு வைத்துவிடுவோம்.

போன வருடம் மேற்கு ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்று எங்கள் அலுவலகத்தின் செல்லப்பிள்ளை ஆனது. வாராவாரம் பணியாளர் ஒருவர் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளை விசாரிப்பார். காய்ச்சல் என்றால் விரலில் குத்தி இரத்தம் பார்ப்பார். அங்கே அநேகமாக ஒரு பிள்ளைக்கும் காய்ச்சலே இல்லை. புதிதாகக் கொடுத்த நுளம்புவலையின் வெற்றி என்று மேலாளர் பூரித்துப் போனார். ஆனால் பக்கத்துச் சிகிச்சை நிலையத்தின் தகவலில், அதே கிராமத்துப் பிள்ளைகளை மலேரியா முற்றி வலிப்பு வந்தபின் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

தாய்மாரின் சம்மதத்தோடு சில விசாரிப்புகளை ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். பணியாளர் முற்றத்தில் நின்று ஒரு தாயிடம் பாட்டுப் போலக் கேட்கிறார். வீட்டார் சுகமா? சுகம். கணவர் சுகமா? சுகம். ஆடுகள் சுகமா? சுகம். பிள்ளைகள் சுகமா? சுகம்தான். நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்தத் தாயின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை முனகிக்கொண்டே இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

தாய் பொய் சொல்கிறாள் என்றார் மேலாளர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது பொய்யில்லை, மரியாதை என்றேன். வாசலில் நின்று சுகமா என்று கேட்பவரிடம் எங்கள் ஆட்களும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். பல வீடுகளுக்குப் போகவேண்டிய அவசரத்தில் பணியாளர் வணக்கத்தையே விசாரணை ஆக்கிவிட்டார்.

முறையை மாற்றினோம். வணக்கம் முடிந்தபின் உட்கார வேண்டும். இரவு பிள்ளை தூங்கியதா, என்ன சாப்பிட்டது என்று கேட்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் கணக்கு மளமளவென்று ஏறியது. மேலாளரின் முகம் தொங்கிப்போனது. வலிப்பு வருமுன்னே மருந்து போகிறதே என்று எனக்குச் சந்தோஷம். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அந்த ஞாயிறு அப்பா வழக்கம்போல "நல்ல சுகம்" என்றார். நான் விடவில்லை.

"ராத்திரி நித்திரை கொண்டனீங்களோ, அப்பா?"



"இல்லைப் பிள்ளை. படுத்தா மூச்சு முட்டுது. கதிரையில சாய்ஞ்சபடிதான் இருக்கிறன். காலும் வீங்கிப்போச்சு."

"எப்ப தொடக்கம்?"

"மாரிமழைக்கு முந்தியே."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ சுகமோ எண்டுதானே கேட்டனி."

 பக்கத்து வீட்டுக்காரரோடு மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போக அவரைச் சம்மதிக்க வைத்தேன். போனை வைக்கப் போனவர், "நீ நித்திரை கொள்ளுறனியோ, பிள்ளை?" என்றார்.

நல்ல சுகம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீழே வீட்டுக்காரரின் பிள்ளைகள் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லையப்பா," என்றேன். "இஞ்ச கதைக்க ஒருத்தரும் இல்லை."