கட்டிலடியில் சொன்ன வசனம்

என் தங்கை மகளை ஸ்டுடியோவில் 'பிராம்ப்டர் பொண்ணு' என்பார்கள். தொலைக்காட்சித் தொடரில் நடிப்பவர்களுக்கு வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. காகிதம் அன்று காலையில்தான் வரும். கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வரி வரியாகச் சொல்வார். நடிகர் அதைத் திருப்பிச் சொல்வார். சொல்லிக்கொடுத்தவரின் குரல் டப்பிங்கில் காணாமல் போய்விடும். கதை எழுத வேண்டும் என்ற ஆசையில், மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு அவள் அங்கே போனாள். உள்ளே நுழைய அதுதான் வாசல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் வாசலிலேயே நின்றாள்.

அவளுடைய அண்ணன் அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டான். ஒரு விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது போனான். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. போலீஸில் சொன்னோம், ஆஸ்பத்திரிகளில் தேடினோம். இருக்கிறான் என்பதற்கும் சான்று இல்லை, இல்லை என்பதற்கும் சான்று இல்லை. என் தங்கை அழுது நான் பார்த்ததில்லை. "வருவான்" என்பாள், பால்காரர் வருவார் என்பதுபோல.

இனி எழுதுவதில் வீட்டில் நடந்தது நான் நேரில் கண்டது. படப்பிடிப்பில் நடந்தது அவள் சொல்லிக் கேட்டது.

ஒரு நாள் காட்சி நீளம் குறைந்துவிட்டது. காகிதம் தீர்ந்த பிறகும் இயக்குநர் கேமராவை நிறுத்தாமல், இழு இழு என்று கையைச் சுழற்றினார். எதிரே நின்றது தொடரில் வரும் குடும்பத்தின் கார் டிரைவர்; கதவைத் திறந்து மூடுவதைத் தவிர வேலையில்லாத பாத்திரம். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். வந்தது அண்ணனின் பேச்சு. பெற்ற தாயை அவன் முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"முதலாளியம்மா, சாப்பாட்டுல உப்பு இன்னிக்கு லீவா?"

நடிகர் அப்படியே சொன்னார். லைட் பிடித்தவர் வரை சிரித்தார்கள்.

அது ஒளிபரப்பானபோது தங்கை சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"யாருடி இது? இது அவன் பேச்சில்ல?"

"அவன் பேசினதுதாம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு டிரைவரின் வசனம் முழுவதும் இவள் பொறுப்பாயிற்று. திரையில் வந்தது தொடரின் மூத்த எழுத்தாளரின் பெயர். "பேரு என்னோடது, பேச்சு உன்னோடது, டீ கம்பெனியோடது" என்பாராம் அவர்.

அண்ணன் பேசியது எத்தனை நாளுக்குக் காணும்? தீர்ந்துவிட்டது. அவளாக எழுதத் தொடங்கினாள். வீட்டில் அதைச் சொல்லவில்லை. ஒரு நாள் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை என் தோளைத் தட்டினாள். "ஆமாண்ணே, அன்னிக்கு பஸ்ஸுல இதத்தான சொன்னான்!" அந்த வரியை மகள் படப்பிடிப்பில் ஜெனரேட்டர் வண்டி நிழலில் உட்கார்ந்து எழுதியிருந்தாள்.

"மாமா, எது அவன் சொன்னது, எது நான் எழுதினதுன்னு எனக்கே பிரிக்க முடியல. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமே."

உட்கார்ந்து யோசித்தேன். என் காதால் கேட்டது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்றுதான் தேறின. ஒன்று, அந்த உப்பு. இன்னொன்று என் மூக்குக்கண்ணாடியைப் பற்றியது: "மாமா, இதப் போட்டா உங்களுக்குக் கண்ணு தெரியுமா, இல்ல கண்ணுக்கு நீங்க தெரிவீங்களா?" மூன்றாவது இவளிடம் சண்டை போட்டபோது: "உன் வாய்க்கு ஞாயித்துக்கிழமையே கிடையாதா?" மற்றவை அவனுடையவையா டிரைவருடையவையா, என்னாலும் பிரிக்க முடியவில்லை. அவன் முகத்தை நினைத்தால் டிரைவரின் மீசையோடுதான் வருகிறது. அவன் மீசை வைத்ததே இல்லை.

டிரைவராக நடித்தவருக்கு சினிமாவில் இடம் கிடைத்தது. இயக்குநர் இவளைக் கூப்பிட்டார்.

"கொன்னுடலாம்மா. சாவு சீன நீயே எழுது. வசனம்னு உன் பேரு டைட்டில்ல தனி கார்டுல வரும்."

"வெளியூருக்கு அனுப்பிடலாமே சார். இல்லன்னா இவருக்குப் பதில் இவர்னு போட்டு..."

"வேற எவனையும் ஜனம் ஏத்துக்காது. வெளியூருன்னா, எப்ப வருவான் எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. தொல்ல. செத்துட்டான்னு வை, ஒரு வாரம் அழுவாங்க, ஓஞ்சுடுவாங்க."

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "நான் எழுதலன்னா வேற யாராவது எழுதுவாங்க மாமா. அவனக் கண்டபடி சாகடிப்பாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா தாங்குவாங்களா?" என்றாள்.

ஆஸ்பத்திரி அறைபோல செட். கேமரா நடிகரின் முகத்தை ஒட்டி இருந்ததால் நிற்க இடமில்லை. அவள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு வசனம் சொன்னாள். பாதியில் அவளுக்கு அடுத்த வரி வரவில்லை. மேலே அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். பலகை வழியே அவருடைய மூச்சு மட்டும் கேட்டதாம். பிறகு மிச்சத்தைச் சொன்னாள். "அந்த கேப் விட்டீங்க பாருங்க, பிரமாதம்!" என்று இயக்குநர் நடிகரைக் கட்டிக்கொண்டார். இவள் தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று நானும் அவளும் பேசி வைத்திருந்தோம். யார் சொல்வது என்பதிலேயே நாள் போய்விட்டது.

ஒளிபரப்பான அன்று திரையில் அவள் பெயர் தனியாக வந்தது. "உன் பேருடி!" என்று தங்கை கைதட்டினாள். பிறகு கட்டில் வந்தது. டிரைவர் அந்த வீட்டு மருமகளிடம் சொன்னார்: "முதலாளியம்மாவ எழுப்பாதீங்க. நான் போறதப் பாத்தா விடமாட்டாங்க. தூங்கட்டும்."

விளம்பரம் வந்ததும் தங்கை மகள் பக்கம் திரும்பினாள்.

"இத எப்ப சொன்னான்?"

"இது நான் எழுதினதும்மா. கதைக்காக."

"மத்ததெல்லாம் அவன் சொன்னதுன்ன. இது மட்டும் நீ எழுதினதா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

"அவன் போன அன்னிக்கு முழிச்சிருந்தியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கான்" என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை. யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்ததுபோலத் தெரிந்தது.

இப்போது மகள் இரண்டு தொடர்களுக்கு எழுதுகிறாள். தங்கை எதையும் பார்ப்பதில்லை. காலையில் மகள் கிளம்பும்போது வாசலுக்கு வந்து, "வேற என்ன சொன்னான்?" என்று கேட்கிறாள். மகள் ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தாள். பிறகு ஏதாவது சொல்லத் தொடங்கினாள்: வெளியே குளிருது என்றான், பை கனக்குது என்றான். சொல்லுமுன் கதவு நிலையில் விரலால் தட்டி யோசிப்பாள். எழுதும்போது மேஜையில் தட்டுவதுபோல.

சென்ற வாரமும் தங்கை கேட்டாள். மகள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தட்டவில்லை, யோசிக்கவில்லை.

"கதவ சத்தமில்லாம சாத்திக்கோன்னான்."

தங்கை தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். மகள் செருப்பின் வாரைப் பிடித்தபடியே குனிந்திருந்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.