பூட்டிய கேட்டும் அண்ணன் கொடுத்த வாக்கும்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி அண்ணி கேட்டபோது முதலில் மறுத்தேன். வெறுமனே புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது. உள்ளதை எழுதினால் சில பேருக்குப் பிடிக்காது. உள்ளதையே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மலாய் நாட்டில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். எங்கள் தந்தை அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தோம். அண்ணனின் படிப்பும் பாதியில் நின்றது. சண்டை முடிந்த பிறகு சிங்கப்பூர் போய் டாக்டராகித் திரும்பினார். பிடிவாதக்காரர். ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை நம்மையும் சாப்பிட விடமாட்டார். அவர் வேலை பார்த்த மருத்துவமனையில்தான் நானும் தாதியாக இருந்தேன். வீட்டில் தங்கை, வார்டில் மிஸ்ஸி. இரண்டு இடத்திலும் திட்டு எனக்குத்தான்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் அது. தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலையில் சங்கு ஊதினால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு வெளியில் நடமாடினால் சுடலாம் என்று உத்தரவு.

ஆபத்தான நிலையில் வந்து, உயிரோடு வெளியே போனவர்கள் எல்லாரையும் குணமானவர்கள் என்றே மருத்துவமனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். உறவினர்கள் பாதியில் எழுதிக் கொடுத்து அழைத்துப் போனவர்களும் அதில் அடக்கம். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று அண்ணன் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு நாட்களில் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் தேடிப் போனார்.

அந்தக் காலத்தில் அது விளையாட்டு வேலை இல்லை. காரில் மருந்துப் பெட்டி இருந்தால், காட்டில் இருப்பவர்களுக்குக் கொண்டு போகிறாயா என்று போலீஸ் கேட்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் போய் இன்னார் எங்கே என்று விசாரித்தால், இவர் போலீசுக்கு உளவு பார்க்கிறார் என்று ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இருந்தும் போனார். பாதியில் அழைத்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குப் போனதும் இறந்திருந்தார்கள். நிச்சயம் பிழைத்திருக்க வேண்டியவர்களும் அதில் இருந்தார்கள். ஜனங்களுக்கு ஊசி என்றால் பயம், அறியாமை என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

மஸ்ஜித் தானா சாலையில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து லெட்சுமி என்ற ரப்பர்ப் பால்வெட்டும் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடுமையான டைபாய்டு. இன்னும் சில நாள் தாங்கினால் பிழைப்பாள் என்று அண்ணன் நம்பினார். ஒரு மத்தியானம் அவள் புருஷன் முனியாண்டி தோட்டத்து லாரியோடு வந்து நின்றார். சங்கு ஊதுவதற்குள் அவளைக் கூட்டிப் போக வேண்டும் என்றார். அண்ணன் கோபப்படாமல் காரணம் கேட்டார். அவர் கோபப்படாமல் இருந்ததே எனக்கு அதிசயம்.

"ஊசி மருந்த நான் கொற சொல்லல டாக்டரய்யா. இங்க உசுரு போச்சுன்னா என்னா செய்வேன்? பொணத்த ஏத்த லாரியும் தரமாட்டான், கேட்டப் பூட்டிட்டா உள்ளயும் விடமாட்டான்லா. உசுரோட போனாத்தான் வீட்டுல வெச்சு வாயில பால் ஊத்தலாம். பிள்ளைங்க ஆத்தா மொகத்தப் பாக்கணும்."

அத்தனை தோட்டம் சுற்றியும் கிடைக்காத பதில் அண்ணன் முன்னால் லுங்கி கட்டிக்கொண்டு நின்றது.

"அப்படி ஏதும் ஆச்சுன்னா, என் கார்ல நானே கொண்டாந்து விடறேன். கேட்டு பூட்டியிருந்தாலும் கொண்டாறேன். இப்ப விட்டுட்டுப் போங்க" என்றார்.

முனியாண்டி அண்ணனின் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். லாரி காலியாகத் திரும்பியது.

அண்ணி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. "அண்ணே, உங்களச் சுட்டுப்புட்டா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன். லெட்சுமி பிழைத்துவிட்டால் யாரும் எங்கும் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லெட்சுமி பிழைக்கவில்லை. குடலில் ஓட்டை விழுந்து, ஒரு மாலைப் பொழுதில் எங்கள் கைக்குள்ளேயே போய்விட்டாள்.

காலையில் அனுப்பலாம் என்று மேலதிகாரி சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். அங்கிருந்த மலாய் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். பாஸ் எழுதிக் கொடுத்தார். ஆனால், பாஸைப் படிப்பதற்கு முன்னாலேயே யாராவது சுட்டுவிட்டால் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்றும் சொன்னார்.

பெண்பிள்ளையைத் தனியாகப் படுக்க வைத்துக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பின்சீட்டில் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் என்னை இறங்கச் சொல்லிப் பார்த்தார். பிடிவாதம் அவருக்கு மட்டுமா சொந்தம்?

சங்கு ஊதி முடிந்து, வெளிச்சம் மங்கிவிட்டது. சாலையில் எங்கள் காரைத் தவிர ஒன்றும் இல்லை. தடுப்பில் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தார்கள். பிணம் என்று சொல்லி காட்டுக்கு அரிசி கடத்துபவர்கள் உண்டாம், துணியை விலக்கச் சொன்னார்கள். நானே துணியை விலக்கி அவள் முகத்தைக் காட்டினேன். பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

தோட்டத்துக் கேட் பூட்டியிருந்தது. காவல்காரன் திறக்க மாட்டேன் என்றான். துரை உத்தரவு வேண்டுமாம். அண்ணன் காரில் ஏறி ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். ஊரடங்கில் அப்படிச் சத்தம் போட்டால் எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வரும் என்று தெரியாது. நான் லெட்சுமியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். செத்தவளுக்கு நான் பாதுகாப்பா, எனக்கு அவள் பாதுகாப்பா என்று அப்போது யோசிக்கவில்லை.

லயத்து ஜனம் முழுவதும் வேலிக்கு வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க, அந்தக் காவல்காரன் உள்ளே போய்த் துரையிடம் கேட்டுவிட்டு வந்து பூட்டைத் திறந்தான். லெட்சுமியை வீட்டு வாசலில் இறக்கினோம். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தார்கள். முனியாண்டி பால் ஊற்றினார். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் வழியெல்லாம் அண்ணன் அழுதார். பிழைக்க வைக்காமல் கொண்டுபோய்ப் போட்டேனே என்றுதான் அழுதார்.

பிறகு அண்ணன் தம் ஆராய்ச்சியை எழுதினார். இறந்தவர்கள் வீடு போய்ச் சேர வழி செய்யுங்கள், அப்போதுதான் உயிரோடு இருப்பவர்களை இங்கே விட்டுவைப்பார்கள் என்பதுதான் அதன் சாரம். இது வைத்தியமா, வண்டிக்காரன் வேலையா என்று கேலி செய்தார்கள். அண்ணன் விடவில்லை. கடைசியில் பாஸும் லாரியும் ஏற்பாடாயின. எத்தனை பேர் அதனால் பிழைத்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பாதியில் கட்டில் காலியாவது குறைந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

கடைசி மாதங்களில் அண்ணனுக்கு மூச்சுத் திணறல். மருத்துவமனையிலேயே இருக்கச் சொன்னார்கள், இருந்தார். மற்றவர் சொன்ன பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவரைக் கவனித்த டாக்டர்களுக்கும் தாதிகளுக்கும், உம்பாய் ஊரிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த எங்கள் தம்பி குடும்பத்துக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முனியாண்டிக்கும் நன்றி சொல்ல வேண்டும். லெட்சுமி போன சில வாரத்தில் அவர் மறுபடியும் வார்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். பின்னால் லாரியில் அவருடைய தம்பி, அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார்.

"பிழைச்சா நானே வந்து கூட்டிட்டுப் போறேன் டாக்டரய்யா. இல்லாட்டி நீங்க கொண்டாந்துருவீங்க."

சொல்லிவிட்டு, சங்கு ஊதுவதற்குள் லாரி ஏறினார். அண்ணன் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

முனியாண்டியேதான் வந்து தம்பியைக் கூட்டிப் போனார்.