வானொலி அறையின் இரண்டாவது லைன்

மிளகாயும் மல்லியும் வறுக்கிற வாசனை... அதோடு ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேனின் இரைச்சல்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறியிருந்த மெரிலேண்ட்ஸில், ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில்தான் எங்கள் தமிழ் வானொலி நடந்தது. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், இன்டர்நெட் வழியாக.

நிகழ்ச்சியை நடத்தியவர் வசந்தி அக்கா. கடைசிப் பத்து நிமிடம், போரில் தொடர்பு விட்டுப்போன உறவுகளின் பெயர்களை வாசிப்பார். பட்டியலின் கடைசிப் பெயர் அவருடைய சொந்தத் தம்பி ரவியுடையது. ஊரைவிட்டு வெளியேறியவன்... ஒரு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

எங்களிடம் இருந்ததோ ஒரே இன்டர்நெட் லைன். அறையில் யாராவது செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் போதும், ஒலிபரப்பு விட்டு விட்டுக் கேட்கும். சொல்லிவைத்தாற்போல அந்தப் பெயர்கள் வரும்போதுதான் அறுந்துபோகும்.

அதனால் இரண்டாவது லைன் எடுத்தோம். ஒரு பழைய கம்ப்யூட்டரை ப்ராக்ஸி சர்வராக நடுவில் வைப்பது என்று முடிவு. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. அறையிலுள்ள கம்ப்யூட்டர்கள் கேட்பதெல்லாம் ஒரு கார்டு வழியாக உள்ளே வரும். மற்றக் கார்டு வழியாகப் புது லைனில் வெளியே போகும். பழைய லைன் ஒலிபரப்புக்கு மட்டும்.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானோ அப்போது லிட்கம்மில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன் என்று வாயைவிட்டதன் பலன்!

ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து செட் பண்ணினேன். ஞாயிறு வந்தது. ஒலிபரப்பு பழையபடி அறுந்தது. எனக்கு யார் முகத்தையும் பார்க்க வெட்கமாக இருந்தது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்த இடைவெளியில் அக்கா என் பின்னால் வந்து நின்று, திரையில் திறந்திருந்த செட்டிங் படிவத்தைப் பார்த்தார். பெயர்கள் வாசிக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

"தம்பி, ரெண்டு கார்டுக்கும் உந்தக் கட்டத்தில என்ன எழுதியிருக்கிறீர்?"

"கேட்வே அக்கா. வெளியில போற வாசல்."

"வெளியில போற வாசல் ஒண்டுதானே?"

"ஓம், ஒண்டுதான். ஆனா கட்டத்தை வெறுமையா விட்டால்..."

சொல்லி முடிக்கவில்லை, எனக்கே உறைத்துவிட்டது.

விசாப் படிவங்களை நிரப்பி நிரப்பிப் பழகிய கை இது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் முழுப் படிவமும் திரும்பி வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில், உள்ளே வருகிற கார்டுக்கும் ஒரு கேட்வே கொடுத்திருந்தேன்... பழைய லைனின் முகவரியை! வெளியே போகவேண்டியதில் பாதி பழைய லைனிலேயே போய் ஒலிபரப்பின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு கட்டத்தை அழித்தேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது. கேட்பவர்களின் பட்டியல் திரையில் ஏறிக்கொண்டே போனது. டொராண்டோ, ஒஸ்லோ, பாரிஸ், சூரிச்... வந்தவர் ஒருவரும் அறுந்துபோகவில்லை. டொராண்டோவில் அப்போது விடிந்திருக்கவே மாட்டாது. யாரோ எங்களுக்காகக் கண்விழித்து இருந்திருக்கிறார்கள். பெட்டி தூக்கிக் காய்த்துப்போன என் கையைப் பார்த்தேன். இந்தக் கையா இதைச் செய்தது?

அக்கா பெயர்களை வாசித்தார். ஒன்றுகூட அறுபடவில்லை. கடைசிப் பெயரில் அவருடைய குரல் மட்டும் தடுமாறியது.

மூன்றாவது ஞாயிறு, நிகழ்ச்சி நடுவில் ஃபோன் அடித்தது. பாரிஸில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்கிற யாரோ கேட்டுவிட்டு, பக்கத்தில் கோப்பை கழுவுகிறவனிடம் சொல்லியிருக்கிறார். கழுவிக்கொண்டிருந்தவன் ரவி.

"அக்கா... நான் இருக்கிறன்."

அக்கா கதிரையில் இருந்தபடியே அழுதார். ஒலிபரப்பு போய்க்கொண்டிருந்தது. நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது வேலைக்குப் போகிற ரயிலில் இருந்தபடியே பத்து சர்வரைச் செட் பண்ணிவிடுகிறேன். ஏனோ அந்தப் பிரமிப்பு மட்டும் வருவதில்லை. ரவியும் பிறகு இந்த நாட்டுக்கே வந்து, கிரெய்கிபர்னில் வீடு வாங்கி, குடும்பமும் பிள்ளைகளுமாக இருக்கிறான். போன வாரம் அக்காவோடு பேசினேன்.

"அவனுக்கு மெசேஜ் போட்டு நாலு நாள். நீல டிக் விழுந்திட்டுது, ஒரு பதில் இல்லை" என்று திட்டித் தீர்த்தார்.

திட்டி முடித்த கையோடு அவரே சொன்னார்:

"பாத்திட்டான்தானே... அது போதும்."