ஏழாம் நம்பர் அறையில் எழுதக் கற்றேன்

எழுத்துத் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: தச்சன் செய்த நாற்காலி சரியில்லை என்றால் உட்கார்ந்தவன் விழுந்து எழுந்து சண்டைக்கு வருவான், நாம் எழுதியது சரியில்லை என்றால் படித்தவன் கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவான். இண்டர்மீடியட் படித்த இரண்டு வருஷமும் இந்தச் சௌகரியம் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம், விடுதியில் ஏழாம் நம்பர் அறையில் என்னோடு இருந்த அந்தோணி. பேனா பிடித்த பாவத்துக்காக யாரிடமாவது பேச்சு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் மேலே படியுங்கள், நீங்கள் நம்ம ஆள்.

ஆழ்கடலே, அன்னையே!

நான் நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். அந்தோணி தங்கச்சிமடத்துக் கடல்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். ஆனால் வீட்டு வள்ளத்தில் ஆள் குறைந்தால் போட்டது போட்டபடி ரயிலேறிவிடுவான். வருகைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே ஓட்டை விழுந்துகொண்டே வந்தது. 'கடைசியில் பரீட்சை எழுத விடமாட்டார்கள்டா' என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவனோ சிரிப்பான்.

எங்களுக்கு வாரம் ஒரு கட்டுரைப் பயிற்சி உண்டு. முதல் வாரத் தலைப்பு 'கடல்'. தை அமாவாசைக்குச் சேதுக்கரையில் இரண்டு தடவை முழுக்குப் போட்ட அனுபவம் எனக்கு இருந்தது, போதாதா? 'அலைமோதும் ஆழ்கடலே! அன்னை நீ, ஆசான் நீ, ஆருயிர் நீ!' என்று வெளுத்து வாங்கிவிட்டேன். அந்தக் காலத்தில் மேடையில் ஏறினவன் எல்லாம் அப்படித்தான் பேசினான். தமிழ் விரிவுரையாளர் வகுப்பில் அதை வாசித்துக் காட்டினார், பையன்கள் கைதட்டினார்கள். அறைக்கு வந்து அந்தோணியிடம் கொடுத்தேன். மல்லாக்கப் படுத்துக்கொண்டு நாலு பக்கத்தையும் படித்தான். காலைத் தூக்கிப் பாதத்தைத் தடவிப் பார்த்தான்.

"ஏலே, நாலு பக்கம் கடலுக்குள்ள நடந்துட்டேன். ஒரு சொட்டு ஈரம் படலையே!"

ஒரு மாதப் பட்டினி

ரோஷம் வந்துவிட்டது. விடுதியில் நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் ஒரு கதை எழுதினேன். பாம்பன் பக்கம் ஒரு குப்பம். ஐப்பசியில் கடல் கொந்தளிக்கிறது. ஒரு மாதம் யாரும் கடலுக்குப் போக முடியவில்லை. ஊரே பட்டினி. கதாநாயகன் குழந்தையின் பசி பொறுக்காமல் தனியாகக் கடலில் இறங்கிச் செத்துப்போகிறான். பத்திரிகை அறை அறையாகச் சுற்றியது. மூக்குச் சிந்தாத ஆளில்லை. சமையல்காரர் சாமிக்கண்ணு எனக்கு இரண்டு அப்பளம் சேர்த்துப் போட்டார்.

அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு நாள் அவனோடு பேச்சு வார்த்தையே கிடையாது. மூன்றாம் நாள் அவனாகவே என் கட்டிலில் வந்து உட்கார்ந்து விளக்கினான். பாம்பனுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடைக்காற்றில் வடகடல் கெட்டுப்போனால் தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் நேர் எதிராக இருக்கும். ஒரு பக்கம் கெட்டால் வள்ளத்தை மறுபக்கம் கொண்டுபோய்த் தொழில் பார்ப்பார்கள். இது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியுமாம்.

"முதுகுப் பக்கம் ஒரு கடல் சும்மா கெடக்கு. அதைத் திரும்பிப் பார்க்க விடாம ஒரு ஊரையே பட்டினி போட்டுட்டியே, பாவி!"

அவன் பொண்டாட்டி

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். போன இடத்தில் சும்மா இருந்தானா? அவன் அம்மாவிடம் 'இவன் கதை எழுதுவான்' என்று போட்டுக்கொடுத்துவிட்டான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கருவாடு புரட்டிக்கொண்டே, 'சொல்லுங்க தம்பி, கேப்போம்' என்றார். வடகடல் தென்கடல் தவறைத் திருத்தி, இரண்டு கடலிலும் ஒரே சமயத்தில் புயல் அடிக்க வைத்து, கதாநாயகனை மறுபடியும் கொன்று முடித்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கருவாட்டை எல்லாம் திருப்பிப் போட்டு முடித்த பிறகுதான் கேட்டார்.

"அந்த ஆளு செத்தது கெடக்கட்டும் தம்பி. அவன் பொண்டாட்டி ஒரு மாசமா என்ன செஞ்சா? சும்மா அழுதுக்கிட்டா இருந்தா?"

யாரும் சாகாத கதை

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. திரும்பி வந்து கதையை அந்தப் பொண்டாட்டியை வைத்து எழுதினேன். பனைநாரில் கயிறு திரித்தாள், கருவாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனாள், புருஷன் கடலில் இறங்கப் போனபோது துடுப்பை ஒளித்துவைத்தாள். அவ்வளவுதான் கதை. அந்தோணி இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு குற்றமும் கண்டுபிடிக்காமல் பத்திரிகையை அடுத்த அறைக்குக் கொடுத்தான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் விடுதியில் வேறு யாரும் சீந்தவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரே ஒரு அப்பளம் விழுந்தது.

"என்ன தம்பி, இந்த மாசம் யாரும் சாகலையா?" என்றார் சாமிக்கண்ணு.

கருணைக் கடலுக்கு ஒரு மனு

பயந்தது நடந்தது. இரண்டாம் வருஷம் பாய்க்கயிறு சுற்றி, அந்தோணி அய்யா என்று கூப்பிடுகிற அவன் அப்பாவுக்கு வலதுகையில் இரண்டு விரல் போய்விட்டது. அவருக்குப் பதிலாகச் சுக்கான் பிடிக்க இவன் போனான். நாள்கள் ஓடிவிட்டன, பரீட்சை எழுத வருகை போதவில்லை. பரீட்சைக்கு முன்னால் முதல்வரிடம் மனுக் கொடுத்து, அவர் மனம் வைத்துச் சிபாரிசு செய்தால் உண்டு. இல்லையென்றால் இரண்டு வருஷப் படிப்பும் போச்சு, அவனுக்கு மறுபடி கல்லூரி கிடையாது. முதல்வர் தமிழில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார் என்று பேர். விடுதியின் ஆஸ்தான எழுத்தாளன் நான் இருக்கும்போது அந்தோணிக்கு என்ன கவலை? 'கருணைக் கடலே! கல்விக் கதிரே! கரைகாணத் துடிக்கும் இக்கலத்தின் கண்ணீரைக் கண்டருள்க!' என்று மூன்று பக்கம் தீட்டினேன். கதையில் விட்டொழித்தது எல்லாம் மனுவில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய மனிதருக்கு எழுதும்போது அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைப்பு.

அந்தோணி உள்ளே போனான். நான் வராந்தாவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காகிதம் புரளும் சத்தம் மூன்று தடவை கேட்டது. 'யார் எழுதினது?' என்று முதல்வர் கேட்டார். 'கூட்டாளி ஒருத்தன் சார்' என்றான். அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கதிர் இருக்கு, கலம் இருக்கு, கண்ணீர் இருக்கு. இதுல அந்தோணி எங்கப்பா இருக்கான்?"

பன்னிரண்டு வரி

அந்தச் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஆசைக்கு எழுதி அவன் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே! அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் கொடுமை. அவனை எதிரில் உட்காரவைத்து, 'எந்த நாள் என்ன செய்தாய், அதை மட்டும் சொல்லு' என்றேன். சொன்னான். நான் எழுதினேன். அய்யாவுக்கு விரல் போன நாள். தம்பிக்கு எட்டு வயசு என்பது. விடியலில் கரையேறி, பாம்பனில் ரயிலைப் பிடித்து, சட்டையில் உப்போடு வகுப்புக்கு வந்து உட்கார்ந்த நாள்கள். அப்படி வந்த அன்றைக்கெல்லாம் ரசாயன வகுப்பில் தூங்கிவிட்டது. 'எங்கள் அய்யா என்னைச் சுக்கானில் பார்த்து அழுதார்' என்ற வரியோடு சேர்த்துப் பதின்மூன்று வரி.

அவன் படித்தான். முகம் கறுத்துவிட்டது. 'கொடுக்க வேணாம்டா, வெக்கமா இருக்கு' என்றான். 'இதில் எது பொய்?' என்று சண்டைக்குப் போனேன். 'பொய்யில்ல, அதுதான் வெக்கம்' என்றான். கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன். காகிதத்தை மறுபடி கையில் எடுத்தான். என்ன ஆள் அவன்! தூங்கியதைக்கூட எழுதச் சம்மதித்தவன், ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்தான்.

"எங்க அய்யா அழுதது எனக்கும் அவருக்கும். அதை மட்டும் அடிச்சிரு."

வேறு ஆள்

அடித்தேன். இந்தத் தடவை வராந்தாவில் நிற்கத் தைரியம் இல்லாமல் அவனோடு உள்ளேயே போய்விட்டேன். அவன் கைகட்டி நேராக நின்றான். முதல்வர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தார். 'அய்யாவுக்கு இப்ப கை எப்படி?' என்று கேட்டார். 'ஆறிருச்சு சார்' என்றான் அந்தோணி. அவர் பேனாவை எடுத்து, அடியில் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தோணியோ அப்போதும் அசையவில்லை. காகிதத்தைக் குமாஸ்தா பக்கம் நகர்த்திக்கொண்டே முதல்வர் சொன்னார்:

"போன தடவை எழுதினானே ஒரு கூட்டாளி, அவனை விட்டுட்டு வேற ஆளைப் பிடிச்சியே, நல்ல காரியம்."

அதற்குப் பிறகு என் எழுத்தை எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேரே பாராட்டியிருக்கிறார்கள், ஆனால் நான் பக்கத்திலேயே நிற்க, அதை எழுதியது நானாக இருக்கவே முடியாது என்று நம்பிப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.