பலகை சாப் நிறுத்திய பீரங்கிகள்

"ஸ்டாப்!" என்று பலகை சாப் கத்தியபோது ஆறு பீரங்கிகளிலும் குண்டு உள்ளே போய்விட்டிருந்தது. கயிற்றை இழுத்தால் வெடிக்க வேண்டியதுதான் பாக்கி. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே விறைத்து நின்றார்கள். பனிமூட்டத்துக்கு மேலே ஒரு மலைமுகட்டில் எங்கள் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வயர்லெஸ்ஸில் அது கேட்டது. வருடக்கணக்காகக் குண்டுச் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்தவன் நான், இடது காது பாதி போய்விட்டது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை மட்டும் உள்ளே முழுசாக இருக்கிறது. இப்போது மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். எவனாவது பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அந்த வார்த்தையைக் கத்தினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிடுவேன். போட்டுவிட்ட கோபத்தில் அவனைக் கன்னாபின்னாவென்று திட்டிவிடுவேன்.

சாப் என்பது பட்டாளத்தில் சுபேதார்களைக் கூப்பிடுகிற மரியாதை. பலகை என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். வேலூர்ப் பக்கத்துக்காரர், முன்கோபி, சாப்பிடும்போதுகூட யாரையாவது திட்டிக்கொண்டே சாப்பிடுவார். நான் ஹவில்தார், கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இரண்டு பேருக்கும் ஒரே கூடாரத்தில் வேலை. முகட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஆபீசர், எதிரி இருக்கும் இடத்தை வயர்லெஸ்ஸில் சொல்வார். பீரங்கிகளுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் மலை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எந்தத் திசையில் திருப்புவது, எவ்வளவு தூக்குவது, எத்தனை வெடிமருந்துப் பை போடுவது என்றெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் கூடாரம். நான் தட்டினால் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப் அதே கணக்கைக் கையால் போடுவார். கட்டம் போட்ட தாளை ஒட்டிய பெரிய பலகை, அதன்மேல் சுழலும் நீளமான கோல், ஓரத்தில் திசை அளவு பொறித்த வளைந்த தகடு, ஒரு பென்சில். இரண்டு பேரும் விடையை உரக்கச் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால் பீரங்கி சுடும். ஒத்துப்போகாவிட்டால் 'ஸ்டாப்'. யாருடைய விடை தப்பு என்று தெரிகிறவரை ஒரு குண்டும் போகக் கூடாது. அதுதான் சட்டம்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. "சாப், நீங்க பென்சில் சீவுறதுக்குள்ள நான் சண்டையையே முடிச்சுடுவேன்" என்பேன். "பேட்டரி தீந்துதுன்னா உன் பொட்டிய தலைக்கு வெச்சுத் தூங்குடா" என்பார். அவர் லீவில் போனால் பலகையில் உட்காருகிறவர்கள் என் விடை காதில் விழும்வரை காத்திருந்து அதையே சொல்வார்கள். பிறகு அந்த விடை வருகிற மாதிரி கணக்கைப் பின்னாலிருந்து எழுதி வைப்பார்கள். பெரிய ஆபீசர் வந்து பார்த்தால் எல்லாம் அழகாக ஒத்துப்போயிருக்கும். அப்படி எழுதிய ஒருவன் ஒரு நாள் சாப் கையில் சிக்கினான். பூட்ஸ் காலால் இடுப்பில் உதைத்து அவனைக் கூடாரத்துக்கு வெளியே தள்ளினார். "பாத்து எழுதுறதுக்கு நீ எதுக்குடா? இன்னொரு பொட்டி வாங்கி வெச்சிக்க மாட்டாங்களா?" என்று அவன் விழுந்த பிறகும் விடாமல் மிதித்தார். நான்தான் இழுத்துப் பிடித்தேன்.

என் தங்கையை எங்கள் ரெஜிமென்டில் இருந்த அனுமந்தை ஊர்ப் பையனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தேன். மீன்பிடிக்கிற குடும்பம். வயர்லெஸ்காரன், வாய் ஓயாது, என்னை மச்சான் மச்சான் என்று சுற்றிவருவான். முதல் தடவை சாப் 'ஸ்டாப்' சொன்னது அவன் உயிரைக் காப்பாற்றியது. நாங்கள் பீரங்கிகளை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தோம். எனக்கு முன்னால் டூட்டியில் இருந்தவன் புது இடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்துவிட்டுப் போயிருந்தான். கம்ப்யூட்டருக்கு நாங்கள் இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறோம். அது சொன்ன திசையில் சுட்டிருந்தால் குண்டுகள் ரேஷன் லாரிகள் ஏறி வந்துகொண்டிருந்த ரோட்டில் விழுந்திருக்கும். மூன்றாவது லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவன் என் மாப்பிள்ளை. இது தெரிந்த அன்று அவன் சாப் காலில் விழப் போனான். "எழுந்திரிடா, கால்ல கையில விழுந்துக்கிட்டு" என்று அதற்கும் ஒரு அறை விட்டார் அந்த மனுஷன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அநியாயம். அந்தத் தப்பு இனி நடக்காதபடி கம்ப்யூட்டரில் மாற்றம் செய்தார்கள். பீரங்கி நகர்ந்தால் அதுவே கூச்சல் போட்டுச் சொல்லும். இனிமேல் பலகை எதற்கு என்று பேச்சு வந்தது. சட்டத்தை யாரும் எடுக்கவில்லை, பயிற்சியை மட்டும் எடுத்துவிட்டார்கள். பலகையைச் சாக்கில் சுற்றி லாரியில் போட்டார்கள்; சுடுகிற நாளில் மட்டும் எடுத்துப் பெயருக்கு ஒருவனை உட்காரவைத்தார்கள். சாப்பை ரேஷன் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அரிசியும் மண்ணெண்ணெயும் அளந்துகொண்டு அவர் மாதக்கணக்கில் அங்கே கிடந்தார். தினமும் ஒரு மணி நேரம் பலகையைக் கொடுங்கள் என்று மேஜரிடம் போய் நின்றார், கிடைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கூடாரம் நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தை மாதக் காலையில் எதிரி முகட்டைத் தாக்கினான். பலகையில் உட்கார வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று முந்தின நாள்தான் சாப்பைத் திருப்பிக் கூட்டிவந்திருந்தார்கள். முகட்டில் இருந்த எட்டுப் பேரில் என் மாப்பிள்ளையும் ஒருவன். முதலில் அவர்கள்மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. பதுங்குகுழியின் கூரை உள்ளே இறங்கி இரண்டு பேர் நசுங்கிப் போனார்கள். பிறகு சரிவில் ஆட்கள் ஏறி வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்தச் சரிவுக்கு எட்டுகிற பீரங்கிகள் எங்களுடையவை மட்டும்தான். இடத்தைச் சொன்னார்கள். தட்டினேன், விடையைச் சொன்னேன், குண்டு உள்ளே போயிற்று. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. "ஸ்டாப்!"

நாங்கள் திசையை டிகிரியில் சொல்வதில்லை, மில் என்ற சின்னச் சின்னப் பங்காகச் சொல்வோம். என் விடைக்கும் அவர் விடைக்கும் சரியாக நூறு மில் வித்தியாசம். அவர் சரியாக இருந்து என் விடைப்படி சுட்டால், குண்டு நம் ஆட்கள்மேலேயே விழும். கூடாரத்துக்குப் பொறுப்பான லெப்டினென்ட் சின்னப் பையன், அந்தப் பயத்தில் இரண்டு பேரையும் மறுபடி போடச் சொன்னான். நான் மறுபடி தட்டினேன். அதே விடை. சாப் மறுபடி கோலை வைத்தார், அவருக்கும் அதே பழைய விடை. இன்னொரு தடவை ஆரம்பத்திலிருந்து போட்டார். பென்சில் முனை உடைந்தது. வேறு பென்சில் தேடினார். வயர்லெஸ்ஸில் "குண்டு எங்கே, குண்டு எங்கே" என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஆபீசர் குரல் நின்றுபோயிற்று. கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் என் மாப்பிள்ளை எல்லா விதியையும் விட்டுவிட்டுத் தமிழில் கத்தினான்: "மச்சான், உள்ள பூந்துட்டானுங்க மச்சான்! போடு மச்சான்!"

நான் எழுந்துபோய்ச் சாப்பின் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்து ரத்தம் பலகைமேல் கொட்டியது. இன்னொன்று குத்தினேன், பல் ஒன்று தெறித்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தைக் கையால் வழித்துவிட்டுக் கோலைத் தகட்டின்மேல் திரும்ப வைத்தார். தகட்டில் நூறு மில்லுக்கு ஒரு கோடு; கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "நூறு" என்றார். "பக்கத்துக் கோட்டைப் படிச்சுட்டேன். தப்பு என்னுது. மெஷின் சரி. ஃபயர்!" அந்த மனுஷனை அடித்ததற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

பிறகு சுட்டோம் ஐயா, சுட்டோம். குழாயில் பூசின பெயின்ட் கொப்பளித்து எரிகிறவரை சுட்டோம். குண்டுகள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி விழுந்தன. மூட்டம் விலகியபோது அந்தச் சரிவில் பாறை எது, ஆள் எது என்று தெரியவில்லை என்றார்கள். முகடு கையைவிட்டுப் போகவில்லை. மேலே போனவர்கள் ஒரே ஒருவனை உயிரோடு தூக்கிவந்தார்கள். அது என் மாப்பிள்ளை இல்லை. அவனைக் கத்தியால் குத்தியிருந்தார்கள். ஹெட்போன் கழுத்தில் மாட்டியிருந்ததாம். விசாரணை வைத்தார்கள். சாப் எதையும் மறைக்கவில்லை. சட்டப்படி நிறுத்தினார், ஆகவே குற்றமில்லை என்று எழுதி, புரமோஷனை மட்டும் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சுட்டுக் கொல்லாமல் விட்டார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. தங்கையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அந்தாளு மட்டும் என் கண்ணுல பட்டான், பொளந்துடுவேன்" என்றாள்.

அடுத்த வருடமே பட்டான். பென்ஷன் வந்தும், வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தங்கை உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். லீவில் வந்திருந்த நானும் அன்றைக்கு அவளோடு போயிருந்தேன். மத்தியான வெயிலில் பாத்தி வரப்புமேல் ஒருவர் தடுமாறி நடந்துவருகிறார், கையில் ஒரு மஞ்சள் பை. சாப்தான். நேராக அவள் முன்னால் போய் நின்று, "நான்தாம்மா நிறுத்தினேன்" என்றார். அவள் கையில் உப்பு வாருகிற பலகை இருந்தது, நீளக் கொம்பு வைத்தது. ஒரு சுற்றுச் சுற்றித் தோளில் இறக்கினாள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. முழங்கால் மடங்கிப் பாத்திக்குள் விழுந்தார். மறுபடியும் அடித்தாள், தலை பிளந்தது. உப்புத் தண்ணீர் காயத்தில் பட்டு அவர் துடித்த துடிப்பு இருக்கிறதே! கூடை சுமந்த பெண்கள் ஓடிவந்தார்கள். மேஸ்திரி, "ரத்தம் பட்ட உப்ப எவன் வாங்குவான்?" என்று அங்கிருந்தே கத்தினான். நான் தடுக்கவில்லை. ஆசைதீர அடிக்கட்டும் என்று நின்றேன்.

"முன்னே காப்பாத்தினதுக்கும் இப்ப கொன்னதுக்கும் சரியாப் போச்சா? அதச் சொல்லத்தான் வந்தியா?" என்று கேட்டாள். சாப் தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டு, "இல்லம்மா" என்றார். "திரும்பவும் அப்படி ஒண்ணு வந்தா என்னா பண்ணுவே?" "திரும்பவும் நிறுத்துவேம்மா. எது சரின்னு தெரியாம நம்ம ஆளுங்க மேல குண்டு போட முடியாது." அவள் பலகையை மூன்றாவது தடவை ஓங்கினாள். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "தப்பு யாருக்கும் வரும்மா. நல்லாப் போட்டுக்கிட்டிருந்த காலத்துலயும் எனக்கு வந்துருக்குது. ஆனா தெனம் போடுற கைக்கு, தப்பா வெச்ச அந்த நிமிசமே தெரிஞ்சுடும். எங்கைக்குத் தெரியல. மாசக்கணக்கா அரிசி அளந்த கை. அதத்தாம்மா சொல்ல வந்தேன்" என்றார். "சாக்கு சொல்றான் பாருண்ணா" என்று தங்கை காறித் துப்பினாள். எனக்கும் சாக்கு என்றுதான் பட்டது. மேஸ்திரியின் டிவிஎஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போலீசில் கேட்டதற்கு வரப்பில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாராம். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. போன வருடம் செத்துப்போனார் என்று கேள்விப்பட்டேன், சாவுக்குப் போகவில்லை.

உப்பளத்தில் அந்த அடி விழுந்த காலத்தில் தங்கை மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அவனும் பீரங்கிப் படையில்தான் போய்ச் சேர்ந்தான். கம்ப்யூட்டர் வேலை. அவன் கிளம்பின அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லி என் தங்கை போட்ட ஒரே கட்டளை, தினமும் பலகையில் கையால் கணக்குப் போட வேண்டும் என்பது. சாக்கு என்று துப்பினவள், அந்த ஆளின் வார்த்தையை இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "பலகை போட்டியாடா?" என்பாள். "அம்மா, இங்க யாருமே அதத் தொடுறதில்லம்மா, கூட இருக்கிறவனுங்க சிரிக்கிறானுங்க" என்று அவன் அழாத குறையாகச் சொல்வான். "சிரிக்கிறவன் பல்ல ஒட. ஒரு நாள் விட்டேன்னு தெரிஞ்சுது, ரயிலேறி வந்து ஒதப்பேன்" என்பாள்.

போன வாரம் நான் அவள் வீட்டில் இருந்தபோது அவன் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, நேத்து நான் ஸ்டாப் சொன்னேம்மா" என்றான். தங்கை போனைக் கிட்ட இழுத்தாள்.

"எதுலடா?"

"பயிற்சிதாம்மா. கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுச்சு, நான் ஒண்ணு சொன்னேன்."

"யாரு தப்பு?"

"நான்தான். அதே நூறு மில்தாம்மா. பக்கத்துக் கோட்டப் படிச்சுட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "எவ்ளோ நேரம்டா நிறுத்தினே?"

"எங்க நிறுத்தினேன்? அஞ்சு எண்றதுக்குள்ள நானே கண்டுபுடிச்சுட்டேன். தெனம் பாக்குற கோடுதானே, கோலத் திரும்ப வெச்சதுமே கைக்கு இடிச்சுது. கேப்டன் திட்டக்கூட இல்லம்மா."

நல்லது, சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஏதேதோ சொல்லிவிட்டுத் தங்கை போனை வைத்தாள். பிறகு விரலை மடக்கி, ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஐந்து வந்ததும் நிறுத்தினாள்.

"இதுக்குள்ள இவங்க அப்பா செத்திருக்க மாட்டாரு இல்லண்ணா?"

"மாட்டான்" என்றேன். "அதுக்கு ரொம்ப நேரத்துக்கு அப்புறமும் என்னக் கூப்புட்டுக்கிட்டுதான் இருந்தான்."